கூட்டாளிகளின் கணக்கு

பகைவன் ஒருவனாக இருந்தால் அவனால் பாதிக்கப்பட்டோர் பலராகச் சேர்வது உலக இயற்கை. ஆனால், பகைவன் ஒருவன் என்பதாலேயே சேர்ந்தவர்களின் நோக்கமும் ஒன்றாகிவிடும் என்று கருதுவது, சரித்திரம் பலமுறை பொய்ப்பித்த நம்பிக்கை. போர்க்களத்தில் தோளோடு தோள் நிற்கும் இரு நாடுகள், 'யாரை எதிர்ப்பது?' என்னும் வினாவிற்கு ஒரே விடையைச் சொல்லும். 'எதுவரை போரிடுவது? எதைப் பெற்றுக்கொண்டு நிறுத்துவது? எவர் மூலமாகப் பேசி நிறுத்துவது?' என்னும் வினாக்கள் எழும்போது, அவை ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கத் தொடங்கும். படைகளை இணைக்கும் வேலையைத் தளபதிகள் சில மாதங்களில் முடித்துவிடலாம். அயல்நாட்டுக் கொள்கைகளை இணைக்கும் வேலை தலைமுறைகள் கடந்தும் முடியாமற் போகலாம்.

இதனை விளங்கிக்கொள்ள நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளும் சான்று, ஹிஜ்ரி 1393ஆம் ஆண்டு ரமளானில், அதாவது 1973 அக்டோபரில், எகிப்தும் சிரியாவும் இணைந்து நடத்திய போர். அதன் வீரக்கதைகளை நம்மவர்கள் நிறையவே கேட்டிருக்கிறார்கள். இரு நேச நாடுகளின் கொள்கைகள் அப்போரில் எங்கெங்கே பிரிந்தன என்பதைப் பற்றி நாம் குறைவாகவே சிந்தித்திருக்கிறோம்.

அந்த ரமளான் நமக்கு நன்கு நினைவிருக்கிறது. தராவீஹ் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலை அடுத்த தேநீர்க் கடையின் வானொலிப் பெட்டியைச் சுற்றி ஒரு கூட்டம் சேரும். எகிப்தியப் படை சூயஸ் கால்வாயைக் கடந்துவிட்டது என்ற செய்தி வந்த இரவில் கடைக்காரர் எவரிடமும் காசு வாங்கவில்லை. ரமளானின் இறுதி நாட்களில் செய்தியின் தொனி மாறியது. எகிப்து போர் நிறுத்தத்திற்கு இசைந்துவிட்டது. சிரியாவிடமிருந்து இசைவு இன்னும் வரவில்லை. 'சேர்ந்து தொடங்கியவர்கள் சேர்ந்து நிறுத்தக் கூடாதா?' என்று இளைஞர்களாகிய நாம் கேட்டோம். ஈமான் குறைந்துவிட்டது என்றார் ஒருவர். துரோகம் என்றார் மற்றொருவர். தோல் மண்டி வைத்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும், "கடை திறக்கும்போது பேசிக்கொள்ளாத பங்கைக் கடை மூடும்போது பேசினால் சண்டைதான் வரும், தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. அப்போரை நடத்தியவர்களில் பலர் தம் நினைவுகளை எழுதிவிட்டனர். அரசாங்கங்கள் பூட்டி வைத்திருந்த ஆவணங்களுள் பல வெளிவந்துவிட்டன. அவற்றின் வெளிச்சத்தில் பார்க்கும்போது, ஈமானையும் துரோகத்தையும் எடைபோட்ட பேச்சுகளைவிட மண்டிக்காரரின் சொல்லே நிகழ்ச்சிகளோடு அதிகம் பொருந்துகிறது.

இரு நிலங்கள், இரு போர்கள்

1967 ஜூன் போரில் எகிப்து சினாய்த் தீபகற்பத்தை இழந்தது. சிரியா கோலான் மேட்டு நிலத்தை இழந்தது. இழப்பு இருவர்க்கும் பொது. இழந்த நிலங்களின் அளவோ பெரிதும் வேறு. சினாய் ஏறத்தாழ 60,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவனம். கோலானில் இஸ்ரேல் கைப்பற்றிய பகுதி ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டர். கோலானை ஓரிரு நாட்களில் முழுவதுமாக மீட்டுவிட முடியும் என்று சிரியத் தளபதிகள் கனவு காண்பதற்கு இடமிருந்தது. சினாயை ஒரே பாய்ச்சலில் மீட்கலாம் என்று எண்ண எந்த எகிப்தியத் தளபதிக்கும் இடமில்லை. எகிப்தியரின் விமான எதிர்ப்பு ஏவுகணைகள் கால்வாய்க்கு அப்பால் 10, 12 கிலோமீட்டர் வரையே படைகளுக்குக் குடை பிடிக்க வல்லவை. அந்தக் குடையை விட்டு வெளியே வந்தால் இஸ்ரேலிய விமானப்படைக்கு இரையாக நேரிடும்.

எனவே எகிப்து அதிபர் அன்வர் சதாதின் நோக்கம் அளவோடு நின்றது. கால்வாயைக் கடந்து கிழக்குக் கரையில் ஓர் ஒடுங்கிய நிலப்பட்டையைப் பிடித்து நின்றால், உறைந்து கிடக்கும் அரசியல் அசையும். வல்லரசுகள் கண் திறக்கும். மீதியைப் பேச்சுவார்த்தையில் பெறலாம் என்பது அவர் கணக்கு. சிரிய அதிபர் ஹாபிஸ் அல் அசாதின் கணக்கு நிலத்தைப் பற்றியது. கோலானை ஆயுத பலத்தால் மீட்பதும், எகிப்து சினாயினுள் ஆழமாக முன்னேறி இஸ்ரேலியப் படையைத் தெற்கே கட்டிப்போடுவதும் அவர் எதிர்பார்த்தவை. ஒருவர்க்குப் போர் என்பது பேச்சுவார்த்தைக்கு வாயில். மற்றவர்க்கு அது நிலமீட்பு.

போருக்கு முன்பே இந்த வேறுபாட்டின் அடையாளங்கள் தெரிந்தன. 1967 நவம்பர் 22இல் ஐ.நா. பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானத்தை எகிப்தும் ஜோர்தானும் ஏற்றன. சிரியா அப்போது மறுத்தது. 1972 ஜூலையில் சதாத் சோவியத் இராணுவ ஆலோசகர்களைத் தம் நாட்டிலிருந்து வெளியேற்றினார். அமெரிக்காவின் பக்கம் ஒரு கதவைத் திறக்கவும் முயன்றார். அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் ஹாபிஸ் இஸ்மாயீல், 1973 பிப்ரவரியிலும் மே மாதத்திலும் ஹென்றி கிஸ்ஸிங்கரை இரகசியமாகச் சந்தித்தார். சிரியாவோ சோவியத் ஒன்றியத்தையே நம்பி நின்றது. 1971இல் எகிப்து, சிரியா, லிபியா மூன்றும் சேர்ந்து அரபுக் குடியரசுகளின் கூட்டாட்சி ஒன்றை அறிவித்திருந்தன. கூட்டாட்சிக்குப் பெயரும் கொடியும் கிடைத்தன. அயல்நாட்டுக் கொள்கை மட்டும் மூன்றாகவே இருந்தது.

இரண்டு மணியும் இரண்டு திட்டங்களும்

போருக்குச் சில நாட்களே இருக்கையில், தாக்குதலை எந்த வேளையில் தொடங்குவது என்பதில் இரு படைகளும் மாறுபட்டு நின்றன. எகிப்தியர் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பாய வேண்டியவர்கள். மாலை வெயில் அவர்கள் முதுகில் விழும். எதிரியின் கண்ணைக் கூசச் செய்யும். அடுத்து வரும் இருளில் பாலங்களையும் அமைத்துக்கொள்ளலாம். ஆகவே அவர்கள் மாலையை விரும்பினர். சிரியர் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிச் செல்ல வேண்டியவர்கள். விடியற்காலைக் கதிரவனே அவர்களுக்குத் துணை. ஆகவே அவர்கள் வைகறையை விரும்பினர். எகிப்தின் போர் அமைச்சர் ஜெனரல் அஹ்மத் இஸ்மாயீல் அலீ, டமாஸ்கஸுக்கே சென்று பேசினார். பிற்பகல் 2 மணி என்று முடிவாயிற்று. எகிப்தியக் கணக்கில் ரமளான் பிறை 10, சனிக்கிழமை, 1973 அக்டோபர் 6, பிற்பகல் 2 மணிக்கு இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் பீரங்கிகள் முழங்கின. எகிப்தியர் அந்நடவடிக்கைக்குச் சூட்டிய பெயர் 'பத்ர்'.

நேரத்தைப் பற்றிய மாறுபாடு வெளிப்படையாகப் பேசப்பட்டதால் தீர்ந்தது. இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தனர். இருவர்க்கும் பெருங்கேடு நேரவில்லை. நோக்கத்தைப் பற்றிய மாறுபாடு அவ்வாறு பேசப்படவில்லை. அது மறைக்கப்பட்டது.

அக்காலத்தில் எகிப்தியப் படையின் தலைமை அதிகாரியாக இருந்தவர் ஜெனரல் சஅத் அல் ஷாதலி. சிரியருக்குக் காட்டுவதற்கென ஒரு திட்டமும், தாம் உண்மையில் நிறைவேற்றக் கருதிய திட்டம் ஒன்றுமாக இரண்டு இருந்தன என்று அவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். காட்டிய திட்டத்தில் எகிப்தியப் படை கால்வாயைக் கடந்து, சினாயின் உட்பகுதியிலுள்ள மித்லா, கித்தீ கணவாய்கள் வரை முன்னேறும். உள்ளத்திலிருந்த திட்டத்தில் அது ஏவுகணைக் குடையின் கீழேயே நின்றுவிடும். எகிப்து அவ்வளவில் நின்றுவிடும் என்று தெரிந்தால் சிரியா போருக்கே வராது என்பதுதான் இதற்குச் சொல்லப்பட்ட காரணமாம். ஷாதலி பின்னாளில் சதாதுடன் கடுமையாகப் பகைத்துக்கொண்டவர் என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். ஆயினும் களத்தில் நடந்தது அவர் கூற்றுக்கு மாறாக இல்லை. கால்வாயைச் சிறப்பாகக் கடந்த எகிப்தியப் படை, அக்டோபர் 9க்குப் பின் நான்கைந்து நாட்கள் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த நாட்களில் இஸ்ரேல் தன் பலத்தை வடக்கே திருப்பியது. அக்டோபர் 10க்குள் சிரியப் படை தான் புறப்பட்ட கோட்டிற்கே தள்ளப்பட்டது. மறுநாள் இஸ்ரேலியப் படை அக்கோட்டையும் தாண்டி டமாஸ்கஸ் சாலையில் முன்னேறத் தொடங்கியது.

மறைத்தவர் எகிப்து மட்டும் என்று சொல்லவும் இயலாது. போர் தொடங்கிய அன்று மாலையிலேயே சோவியத் தூதர் வினோகிராதவ் தம்மிடம் வந்து, சிரியா விரைவில் ஒரு போர் நிறுத்தத்தை நாடுவதாகத் தெரிவித்தார் என்று சதாத் 1978இல் வெளியான தம் தன்வரலாற்றில் கூறுகிறார். அசாத் அதனை மறுத்தார். சிறிய நிலத்தை மீட்கப் போகிறவனுக்கு, மீட்டவுடன் போர் நிற்பதே இலாபம். பெரிய நிலத்தின் விளிம்பில் நிற்பவனுக்கு, போர் நீண்டு உலகை உலுக்குவதே இலாபம். எனவே அச்செய்தி உண்மையோ பொய்யோ, சதாத் அதனை நம்புவதற்குக் காரணம் இருந்தது. மறுநாள், அக்டோபர் 7ஆம் தேதி, ஹாபிஸ் இஸ்மாயீல் கிஸ்ஸிங்கருக்கு ஓர் இரகசியச் செய்தி அனுப்பினார். எகிப்து போரை மேலும் ஆழப்படுத்தவோ மோதலை விரிவாக்கவோ கருதவில்லை என்பது அதன் சாரம். கோலானில் சிரிய வீரர்கள் எகிப்து முன்னேறுமென்று நம்பி மடிந்துகொண்டிருந்த நேரத்தில், அது முன்னேறாது என்ற செய்தி வாஷிங்டனைச் சென்றடைந்திருந்தது. டமாஸ்கஸிற்கு அதனைச் சொன்னார் எவருமில்லை.

மறைத்ததன் விலையை எகிப்தும் கொடுத்தது. சிரியாவின் முறையீட்டைத் தள்ள முடியாமல், சதாத் அக்டோபர் 14இல் சினாயினுள் பெருந்தாக்குதல் ஒன்றுக்கு ஆணையிட்டார். ஷாதலி தடுத்துப் பார்த்தார், பயனில்லை. ஏவுகணைக் குடையை விட்டு வெளியேறிய எகிப்தியப் படை ஒரே நாளில் ஏறத்தாழ 250 டாங்கிகளை இழந்தது. அடுத்த இரவுகளில் இஸ்ரேலியப் படை கால்வாயைக் கடந்து மேற்குக் கரையில் இறங்கியது. நாளடைவில் எகிப்தின் மூன்றாம் படையைச் சூழ்ந்தது. அக்டோபர் 9இல் செய்திருந்தால் சிரியாவிற்கு ஒருவேளை உதவியிருக்கக்கூடிய ஒன்றை, அக்டோபர் 14இல் செய்ததால் எகிப்திற்குக் கேடாயிற்று. சிரியாவிற்கும் பெரிய பயன் விளையவில்லை.

சொல்லப்படாதவர்கள்

இவ்விருவருக்கு அப்பால் நின்றவர்களின் நிலை இன்னும் விசித்திரமானது. கூட்டாட்சியின் மூன்றாம் உறுப்பினரான லிபியாவின் முஅம்மர் கத்தாஃபிக்குப் போர் தொடங்கும் நாள் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. அவர் போர்த் திட்டத்தை வெளிப்படையாகவே குறை கூறினார். ஈராக்கும் முன்னறிவிப்புப் பெறவில்லை. ஆயினும் அது தன் கவசப் படைகளைக் கோலானுக்கு அனுப்பியது. சிரியா போர் நிறுத்தத்தை ஏற்றதும் மனம் கசந்து திரும்ப அழைத்துக்கொண்டது. ஜோர்தான் மன்னர் ஹுசைன் 1967இல் மேற்குக் கரையையும் ஜெரூசலத்தையும் இழந்தவர். மீண்டும் ஒரு முனையைத் திறக்க அவர் துணியவில்லை. கவசப் படையணி ஒன்றைச் சிரியாவுக்கு அனுப்பியதோடு அமைந்தார். யாருடைய மண்ணுக்காக இத்தனை போர்களும் என்று மேடைதோறும் முழங்கினார்களோ, அந்தப் பாலஸ்தீன மக்களுக்குத் திட்டம் வகுத்த மேசையில் இடமே இல்லை.

போரை நிறுத்திய முறையும் இவ்வாறே அமைந்தது. அக்டோபர் 16இல் சதாத் கெய்ரோவில் மக்கள் சபையில் உரையாற்றி, போர் நிறுத்தத்திற்கும் சமாதான மாநாட்டிற்குமான தம் நிபந்தனைகளை உலகறியச் சொன்னார். அவ்வுரையைப் பற்றி அசாதோடு முன்னதாகக் கலந்து பேசவில்லை. போர் நிறுத்தத்திற்குத் தாம் இசையப் போவதாகச் சதாத் பின்னர்த் தெரிவித்தபோது, போரைத் தொடருமாறு அசாத் வேண்டினார். அக்டோபர் 22இல் பாதுகாப்பு சபை 338ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. எகிப்து அன்றே ஏற்றது. அடுத்த நாள் ஈராக்கியப் படைகளோடு சேர்ந்து எதிர்த்தாக்குதல் தொடுக்கத் திட்டமிட்டிருந்த சிரியா, அதனைக் கைவிட்டுப் போர் நிறுத்தத்தை ஏற்க வேண்டியதாயிற்று. தனியே போரிட அதற்கு வலிமையில்லை. தேநீர்க் கடை வானொலியில் நாம் கேட்டது இந்த இடைவெளியைத்தான்.

எதிர் முகாமில் நடந்தது

இதனைப் படிக்கும் வாசகர்கள், 'அரபுகளுக்கே உரிய நோய் இது' என்று முடிவு கட்டிவிட வேண்டா. நம் சமுதாயத்தில் அவ்வாறு பேசித் தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்வோர் பலர் உண்டு. அதே போரில் மறுபக்கத்தையும் பார்ப்போம்.

அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பாவும் நேட்டோ என்னும் எழுதப்பட்ட ஒப்பந்தத்தால் பிணைக்கப்பட்டவை. அக்டோபர் 14இல் அமெரிக்கா இஸ்ரேலுக்கு விமானங்களில் ஆயுதங்களை வெளிப்படையாக அனுப்பத் தொடங்கியபோது, ஐரோப்பியக் கூட்டாளிகளுள் போர்ச்சுகல் மட்டுமே அஸோர்ஸ் தீவுகளிலிருந்த தளத்தைப் பயன்படுத்த இடம் கொடுத்தது. அதுவும் நெருக்குதலுக்குப் பின்னரே. மேற்கு ஜெர்மனி, தன் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் இஸ்ரேலியக் கப்பல்களில் ஆயுதம் ஏற்றப்படுவதை ஆட்சேபித்தது. அக்டோபர் 24ஆம் தேதி இரவில், சோவியத் தலையீட்டிற்கு அஞ்சி அமெரிக்கா தன் படைகளை உலகெங்கும் உஷார் நிலையில் நிறுத்தியது. அணு ஆயுதப் போரின் வாயில் வரை தங்களையும் இழுத்துச் செல்லக்கூடிய அந்த முடிவில், ஐரோப்பிய நாடுகளின் கருத்துக் கேட்கப்படவில்லை. நவம்பர் 6இல் ஐரோப்பியச் சமூகத்தின் ஒன்பது நாடுகள் கூடி, பாலஸ்தீனரின் நியாயமான உரிமைகளைக் குறிப்பிட்டு, அமெரிக்க நிலையிலிருந்து விலகிய அறிக்கை ஒன்றை வெளியிட்டன. எண்ணெய்க்கு அரபு நாடுகளையே நம்பியிருந்த ஐரோப்பாவும், சொந்த எண்ணெய் வளம் உடைய அமெரிக்காவும் ஒரே கண்ணால் உலகைப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரிலும், 1942இலேயே திறக்க வேண்டுமென ரஷ்யா வற்புறுத்திய இரண்டாம் போர்முனை பிரான்சில் 1944 ஜூன் 6இல்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நேச நாடுகளுக்குள் வளர்ந்த ஐயம் வெற்றிக்குப் பின்னரும் மறையவில்லை.

ஆகவே இந்த நோய் கூட்டணி என்னும் அமைப்போடு கூடப் பிறந்தது. இனத்தையோ மதத்தையோ பார்த்து வருவதன்று.

எண்ணெய் என்னும் ஆயுதம்

போர்முனைக்கு வெளியே அரபு நாடுகள் எடுத்த ஆயுதம் எண்ணெய். அக்டோபர் 17இல் குவைத்தில் கூடிய அரபு எண்ணெய் நாடுகள், மாதந்தோறும் உற்பத்தியை 5 சதவிகிதம் குறைப்பதாக அறிவித்தன. 1967இல் பிடித்த நிலங்களை இஸ்ரேல் விட்டு வெளியேறி, பாலஸ்தீனரின் உரிமை மீளும்வரை இது தொடரும் என்றன. அமெரிக்காவுக்கும் பின்னர் ஹாலந்துக்கும் எண்ணெய் அனுப்புவது நிறுத்தப்பட்டது. கொள்கை ஒன்றாயிருப்பதாகவே தோன்றியது. உள்ளே பார்த்தால், ஈராக் உற்பத்திக் குறைப்பில் சேரவில்லை. அதற்குப் பதிலாகப் பஸ்ரா எண்ணெய்க் கம்பெனியில் அமெரிக்கருக்கும் ஹாலந்தியருக்கும் இருந்த பங்குகளை நாட்டுடைமையாக்கியது. அரபு நாடல்லாத ஈரான் தடையில் கலந்துகொள்ளாமல், விலையேற்றத்தில் மட்டும் முன் நின்றது. அக்டோபருக்கு முன் பீப்பாய்க்கு 3 டாலர் அளவிலிருந்த அறிவிப்பு விலை, 1974 ஜனவரி முதல் 11.65 டாலர் ஆயிற்று.

இந்த விலையேற்றம் நம் வீடுகளையும் தொட்டது. எண்ணெயை இறக்குமதி செய்யும் ஏழை நாடுகளுள் ஒன்றாகிய இந்தியா அதன் சுமையைத் தாங்கியது. அதே எண்ணெய்ப் பணத்தில் வளைகுடாவில் சாலைகளும் நகரங்களும் எழுந்தபோது, நம் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சபர் புறப்பட்டனர். இன்று நம்மூர்ச் சபராளிகள் கட்டிய வீடுகளின் அடித்தளத்தில் அந்தப் போரின் ஒரு கல்லும் கிடக்கிறது.

ஆயுதத்தை எடுத்தபோது சொன்ன நிபந்தனை என்னவாயிற்று? 1974 ஜனவரி 18இல் எகிப்து தனியாக இஸ்ரேலுடன் படை விலக்க உடன்பாடு செய்துகொண்டது. மார்ச் 18இல் வியன்னாவில் பெரும்பான்மையான அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவின் மீதான தடையை நீக்கின. லிபியாவும் சிரியாவும் இசையவில்லை. அன்று கோலானில் சிரியா ஓர் அடி நிலத்தையும் திரும்பப் பெற்றிருக்கவில்லை. அங்கே பீரங்கிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. சிரியாவின் படை விலக்க உடன்பாடு மே 31இல்தான் கையெழுத்தாயிற்று. குனைத்திரா என்னும் இடிபாடான ஊரும் ஓர் ஒடுங்கிய நிலப்பகுதியுமே அதனால் கிட்டின.

அதன்பின் பாதைகள் முற்றாகப் பிரிந்தன. 1975 செப்டம்பரில் எகிப்து இரண்டாவது உடன்பாடு செய்தது. 1977 நவம்பரில் சதாத் டமாஸ்கஸுக்குச் சென்று, தாம் ஜெரூசலம் போகக் கருதுவதைச் சொன்னார். அசாத் இசையவில்லை, சதாத் போனார். 1979 மார்ச் 26இல் எகிப்து இஸ்ரேலுடன் சமாதான ஒப்பந்தம் செய்தது. அரபு லீகிலிருந்து எகிப்து விலக்கி வைக்கப்பட்டது. லீகின் தலைமையகம் தூனிஸுக்கு மாறியது. 1981 அக்டோபர் 6இல், கால்வாயைக் கடந்த நாளைக் கொண்டாடும் அணிவகுப்பிலேயே சதாத் சுட்டுக் கொல்லப்பட்டார். 1982 ஏப்ரலில் சினாய் எகிப்தின் கைக்கு வந்தது. கோலானில் இஸ்ரேல் 1981 டிசம்பரில் தன் சட்டத்தைப் புகுத்தியது. இன்றும் அது இஸ்ரேலின் பிடியில்தான் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஹாபிஸ் அல் அசாதின் மகன் பஷ்ஷாரின் ஆட்சி கவிழ்ந்தபோது, 1974 உடன்பாடு வகுத்த இடைவலயத்தினுள்ளும் இஸ்ரேலியப் படை புகுந்தது.

எழுதாத ஒப்பந்தம்

இவற்றிலிருந்து நாம் அறிவதென்ன? நேச நாடுகளின் அயல்நாட்டுக் கொள்கை ஒன்றாவதைத் தடுப்பன பல. இழந்த நிலத்தின் அளவு ஒருவரைப் பொறுமைக்கும் மற்றவரை அவசரத்திற்கும் இழுக்கிறது. ஆயுதம் தரும் வல்லரசு வேறானால் பேசும் வாயிலும் வேறாகிறது. உள்நாட்டில் ஆட்சியைக் காத்துக்கொள்ள வேண்டிய ஒவ்வொரு தலைவரும், கூட்டு வெற்றியினும் தம் தனி வெற்றியைத் தம் மக்களுக்குக் காட்ட விரும்புகிறார். இம்மூன்றும் இயற்கையானவை, எந்தக் காலத்திலும் முற்றிலும் நீங்கா. நான்காவது ஒன்று உண்டு. அது வேறுபாட்டை ஒருவர்க்கொருவர் மறைத்துக்கொள்வது. மனிதர்கள் மனம் வைத்தால் நீக்கக்கூடியது இந்த ஒன்றுதான். தாக்கும் மணியைப் பற்றிய வேறுபாட்டைப் பேசித் தீர்க்க முடிந்தவர்களால், போரின் எல்லையைப் பற்றிய வேறுபாட்டைப் பேசியிருக்க முடியாதா?

'பேசியிருந்தால் சிரியா போருக்கே வந்திராது' என்று சிலர் விடை கூறலாம். வந்திராமலும் இருக்கலாம். அல்லது எகிப்து எங்கே நிற்கும் என்பதை அறிந்து, தன் படையை அதற்கேற்ப வகுத்துக்கொண்டு வந்திருக்கலாம். எப்படியாயினும், தன் வீரர்களை எந்த அளவு ஆபத்தில் இறக்குகிறோம் என்பதைத் தெரிந்து முடிவெடுக்கும் உரிமை சிரியாவுக்கு இருந்தது. மறைத்துப் பெற்ற தோழமை எட்டு நாட்கள் பயன் தந்தது. ஒன்பதாம் நாளான அக்டோபர் 14இல் மறைத்தவரிடமே அது தன் கடனை வசூலித்துக்கொண்டது.

திருக்குர்ஆனின் வசனங்களுள் மிக நீண்டது எதுவென்று கேட்டால், தொழுகையைப் பற்றியதோ போரைப் பற்றியதோ என்று பலர் எண்ணக்கூடும். அது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணைக் கடனை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது, ஐயம் எழாமலிருக்க இதுவே வழி என்று அது விரித்துரைக்கிறது. அவ்வாறு எழுதுமாறு கட்டளையிடப்பட்டவர்கள் ஒருவரையொருவர் நம்பாத அந்நியர்கள் அல்லர். ஈமான் கொண்ட சகோதரர்கள். சகோதரத்துவம் இருப்பதால் எழுத வேண்டியதில்லை என்று மார்க்கம் சொல்லவில்லை. அச்சகோதரத்துவம் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதச் சொல்கிறது. நூறு ரூபாய்க் கடனுக்கே இவ்வளவு பேணுதல் வேண்டுமென்றால், இலட்சம் உயிர்களைப் பணயம் வைக்கும் கூட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

நம் மேடைகளிலும் மாநாடுகளிலும் 'உம்மத்தின் ஒற்றுமை' என்னும் சொல் அடிக்கடி ஒலிக்கிறது. அச்சொல்லின்பால் நமக்குக் குறைவான பற்று இல்லை. ஆனால் 1973இல் உம்மத்தின் உள்ளம் ஒன்றாகவே இருந்தது. மொராக்கோவிலிருந்து ஈராக் வரை வீரர்களை அனுப்பினார்கள், எண்ணெயை நிறுத்தினார்கள், நம் ஊர்த் தேநீர்க் கடை வரை துஆச் செய்தார்கள். குறைந்தது உணர்ச்சியன்று, உடன்பாடு. ஒற்றுமைக்கு அறைகூவல் விடுப்போரை நாம் மதிப்போடு வரவேற்போம். வரவேற்ற கையோடு, எதற்காக ஒன்றுபடுகிறோம், எதுவரை சேர்ந்து நடப்போம், இடையில் ஒருவர் நின்றுவிட்டால் மற்றவர்க்கு எப்போது சொல்வார் என்னும் மூன்று வினாக்களையும் கேட்போம். அவற்றுக்கு விடை எழுதித் தர முன்வருகிறவரே நம்பத்தக்க கூட்டாளி.